பாறைக்குழியை நோக்கி நடந்த வீடு

குப்புராசு குடிக்கிற நாட்களில் அவனுடைய வீடு நகர்ந்தது. நல்லிக்காட்டுப்புதூரின் கடைசித் தெருவில், பனியன் கம்பெனிக்கு ஆள் ஏற்றுகிற வேன் திரும்புகிற இடத்தில், ஓட்டுக்கூரையும் இரண்டு அறையும் ஒரு சமையற்கட்டுமாக நின்றிருந்த அந்த வீடு, எப்போது நகர்ந்தாலும் மேற்கே பார்த்துத்தான் நகர்ந்தது. மேற்கே பாறைக்குழி இருந்தது. ரோட்டுக்கு ஜல்லி வேண்டும் என்று ஒரு காலத்தில் வெட்டத் தொடங்கி, கல் தீர்ந்ததும் வேலிகூடப் போடாமல் விட்டுப்போன அந்தக் குழியில், பெய்த மழையெல்லாம் பச்சைத் தண்ணீராகத் தேங்கிக் கிடந்தது. அதன் அடியில் ஒரு லாரி நிற்கிறது என்றும், அதன் விளக்கு இன்னும் எரிகிறது என்றும் தெருப் பிள்ளைகள் சொல்லிக்கொண்டார்கள். வீடு ஒரே தடவையில் ஒரு சாணுக்கு மேல் நகராது. சத்தம் வராது. அடுக்கி வைத்த டம்ளர்கூட விழாது. தூங்குகிற குழந்தை புரண்டு படுப்பதைப் போல, யாரும் பார்க்காத நேரம் பார்த்து மெல்லப் புரண்டு, கொஞ்சம் அப்பால் போய் நின்றுகொள்ளும்.

முதலில் கண்டவள் அவன் மனைவி துளசிமணி. ஒரு நாள் காலையில் வாசல் தெளிக்க வந்தபோது, நேற்றுப் போட்ட கோலம் வாசற்படியை விட்டு விலகி, யாரோ மறந்துவிட்டுப் போன பொருளைப் போலத் தெருவில் தனியாகக் கிடந்தது. அவள் கோலத்தைப் பார்த்தாள், படியைப் பார்த்தாள், அக்கம்பக்கம் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தாள். பிறகு விளக்குமாற்றை எடுத்துப் பழைய கோலத்தைக் கூட்டித் தள்ளிவிட்டு, படிக்கு அருகில் புதிதாக ஒன்று போட்டாள். அதற்குப் பிறகு வெகுநாள் அவள் செய்ததெல்லாம் இந்த ஒரு காரியத்தின் வேறு வேறு வடிவங்கள்தான்.

தெரு அதைச் சீக்கிரமே பழகிக்கொண்டது. குடிதண்ணீர்க் குழாய் எட்டாமல் போனபோது ஒரு ரப்பர் குழாயைச் சொருகினார்கள்; அதுவும் எட்டாமல் போனபோது இன்னொன்றைச் சேர்த்துக் கட்டினார்கள். கம்பத்திலிருந்து வருகிற கரண்ட் வயர் விறைத்துக்கொள்ளும்போதெல்லாம் லைன்மேன் ஈஸ்வரமூர்த்தி வந்து துண்டு வயர் வைத்து நீட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். பால்காரர் இரண்டு மிதி கூடுதலாக மிதித்தார். பக்கத்து வீட்டுச் சரசாள், வீடு விட்டுவிட்டுப் போன வெற்றிடத்தில் முதலில் மிளகாய் காயப்போட்டாள், பிறகு ஒரு முருங்கைக் குச்சியை ஊன்றினாள், பிறகு அந்த இடம் ஆதியிலிருந்தே தன்னுடையதுதான் என்று பேசத் தொடங்கினாள். வீட்டு வரிக்கு அளக்க வந்தவர், வீடு வரைபடத்துக்கு வெளியே நிற்பதைக் கண்டு தலையைச் சொறிந்து, "அடுத்த தடவ வரும்போது பாத்துக்கலாமுங்க, அதுக்குள்ள ஒரு எடத்துல நின்னுருமல்லொ," என்று மோர் குடித்துவிட்டுக் கிளம்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரு ஆண்கள் எல்லோரும் கூடி, வீட்டைச் சுற்றி வடம் கட்டி, கம்பெனி வேனில் பூட்டி இழுத்துப் பார்த்தார்கள். வேன்தான் பின்னால் போனது.

ஏன் நகர்கிறது என்பதைப் பற்றியும் தெரு நிறையப் பேசியது. மண் இளக்கம் என்றார்கள். தூரத்தில் எங்கோ வெடி வைக்கிறார்கள், அதன் அதிர்வு என்றார்கள். வாஸ்து பார்க்கிறவர் ஒருவர் வந்து, ஜன்னலைத் தெற்குப் பக்கம் மாற்றச் சொன்னார், மாற்றினார்கள், வீடு தெற்கு ஜன்னலோடு மேற்கே போனது. குப்புராசு மதுக்கடைக்குப் போன நாளில் வீடு நகர்கிறது, போகாத நாளில் நிற்கிறது என்பது பள்ளிக்கூடம் போகாத குழந்தைக்கும் தெரியும். ஆனால் அதை மட்டும் யாரும் வாயால் சொல்லவில்லை. சொன்னால் துளசிமணி மனம் நோகும் என்பது ஒரு காரணம். அந்தத் தெருவில் கடைக்குப் போகாத ஆம்பிளை அதிகம் இல்லை என்பதும், தங்கள் வீட்டுச் சுவரில் ஒரு மயிரிழை விரிசல் ஓடியிருப்பதை அவரவர் காலண்டர் மாட்டி மறைத்திருந்தார்கள் என்பதும் இன்னொரு காரணம்.

குப்புராசு கெட்டவன் அல்ல. பவர் டேபிள் தையல் மிஷினில் அவன் உட்கார்ந்தால் துணி தானாக ஓடுகிறது என்று கம்பெனியில் சொல்வார்கள். குடிக்கு முதலில் அவன் போனது கூட்டாளிகளோடு சிரித்துப் பேசத்தான், பிறகு உடம்பு வலிக்கு, பிறகு தூக்கத்துக்கு, இப்போது ஊசியில் நூல் கோக்க. காலையில் எழுந்ததும் அவன் கைகள் அப்படி நடுங்கின, தேநீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குனிந்துதான் உறிஞ்ச முடிந்தது. கொஞ்சம் உள்ளே போனால்தான் கை நின்றது. கை நின்றால்தான் வேலை. சாயங்காலம் அந்தக் கொஞ்சம் இறங்கிவிடும், மறுபடி நடுங்கும், மறுபடி போவான். அதில் சந்தோஷம் தீர்ந்து போய் வெகுகாலமாகியிருந்தது. ஒவ்வொரு தடவையும் மகள் கௌசிகாவின் தலையில் கைவைத்து, "இன்னையோட சரி கண்ணு," என்பான். சொல்கிறபோது அதை முழுதாக நம்பித்தான் சொல்வான். மறுநாள் வீடு இன்னும் ஒரு சாண் மேற்கே நிற்கும்.

துளசிமணி கல் பொறுக்கினாள். கம்பெனியில் பனியன்களின் பிசிறு வெட்டுகிற வேலை அவளுக்கு. வேலை முடிந்து வருகிற வழியிலெல்லாம் தூக்க முடிந்த கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து, வீட்டின் பின்சுவருக்கு முட்டுக் கொடுத்தாள். வீடு அந்தக் கற்களை முன்னால் தள்ளிக்கொண்டே போய் ஒவ்வொன்றாகக் குழிக்குள் போட்டது. அவன் வேலைக்குப் போகாத நாட்களில் சூப்பர்வைசருக்குப் போன் செய்து காய்ச்சல் என்றாள், வயிற்றுப்போக்கு என்றாள், ஒரே சித்தப்பாவை இரண்டு தடவை சாகடித்தாள். பாட்டிலைக் கண்டால் கொட்டிக் கவிழ்த்தாள். அவன் வேறொன்று வாங்கி அரிசிப் பானைக்குள் வைத்தான். உறவுக்காரர்கள் வந்து, "என்னம்மிணி, ஊடு இப்படி ஒதுக்குப்புறமா வந்துருச்சு?" என்று கேட்டால், "இங்கதானுங்க நல்ல காத்து," என்று சிரித்தாள்.

மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்பு, ஒரு காலை, சமையற்கட்டின் பின்கதவைத் திறந்தவள் காலை எடுத்து வெளியே வைக்கப் போய், அப்படியே நின்றுவிட்டாள். கீழே தரை இருந்தது. ஆனால் ஒரு முறம் வைக்கிற அளவுக்குத்தான் இருந்தது. அதற்கு அப்பால் பாறை செங்குத்தாக இறங்கியது. வெகு கீழே பச்சைத் தண்ணீர், அசையாமல், கண் இமைக்காமல், அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. கையிலிருந்த கழனித் தண்ணீரைக் கொட்டினாள். அது போய்ச் சேர்கிற சத்தம் கேட்க வெகுநேரமானது.

கதவைச் சாத்தி, அம்மிக்கல்லை இழுத்து அடை கொடுத்துவிட்டுத் திரும்பினால், கௌசிகா நின்றிருந்தாள். எட்டாவது படிக்கிற பெண். சில நாட்களாகவே செருப்பைப் போட்டுக்கொண்டு, தலையை வாசல் பக்கம் வைத்துத்தான் படுத்தாள்.

"அம்மா, ஊடு உழுந்தா எந்தப் பக்கம் மொதல்ல உழுகும்?"

"வாயக் கழுவு. அதெல்லாம் உழுகாது."

"நான் படுக்கற பக்கந்தானே?"

துளசிமணி அடுப்புப் பக்கம் திரும்பினாள். அடுப்பில் எதுவும் இல்லாமலே கரண்டியை எடுத்துக் கிண்டினாள்.

அன்றைக்குத் தெரு கூடியது. கருப்பராயனுக்குக் கயிறு கட்டிவிடுவது என்று முடிவானது. அந்தப் பக்கத்தில் கடைக்குப் போகிறவர்களுக்குச் செய்கிற பழைய காரியம் அது: கருப்பராயன் கோயில் பூசாரி மாரண்ணன் மஞ்சள் தடவிய கயிற்றை வலது மணிக்கட்டில் கட்டுவார், கட்டியவன் ஒரு மண்டலம் சொட்டுக்கூடத் தொடக் கூடாது, அதுவரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டவும் கூடாது, தாண்டினால் கருப்பராயன் குதிரையேறிப் பின்னாலேயே வருவார். குப்புராசு தலைக்குக் குளித்து, ஈர வேட்டியோடு போய்க் கையை நீட்டினான். கயிறு கட்டும்போது கை நடுங்கியது. "பயபக்தி," என்றாள் சரசாள்.

கட்டிய அன்றைக்கு வீடு நகரவில்லை. மறுநாள் காலையில் தெருப் பிள்ளைகள் ஓடிவந்து பார்த்து, "நின்னுருச்சு! நின்னுருச்சு!" என்று கத்தினார்கள். துளசிமணி வெகுநாளைக்குப் பிறகு கேசரி கிண்டினாள். குப்புராசு அதைத் தொடவில்லை. உட்கார்ந்தால் எழுந்தான், எழுந்தால் உட்கார்ந்தான், சட்டை நனைந்து பிழிகிற மாதிரி வேர்த்தது. படுத்தால் கண்ணை மூடினான், மூடிய கண்ணுக்குள் விழி ஓடிக்கொண்டே இருந்தது. கௌசிகா விசிறினாள். விசிறிக்கொண்டிருந்தபோது அவள்தான் முதலில் அதைக் கவனித்தாள்: அப்பாவின் கை எந்த வேகத்தில் நடுங்குகிறதோ, அதே வேகத்தில், மிக மெலிதாக, சுவரும் நடுங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் நடுப்பகலில் அவன் எழுந்து நின்று கத்தினான். வேட்டியை உதறினான், கைகளை வழித்து வழித்து எதையோ கீழே தள்ளினான், யாருமில்லாத மூலையைப் பார்த்துக் கும்பிட்டான். வீடு அவனோடு சேர்ந்து ஆடியது. அடுக்கில் இருந்த பாத்திரமெல்லாம் ஒன்றோடொன்று மோதிக் கலகலவென்று ஒலித்தன. அந்த ஒலிதான் தெருவைத் தவறாகக் கூட்டியது. எல்லோருக்கும் அது மணிச்சத்தமாகக் கேட்டது.

"அடியே துளசி!" என்று சரசாள் வாசலில் நின்று கூவினாள். "உன்ற ஊட்டுக்காரனுக்குச் சாமி வந்துருச்சுடி! கருப்பராயன் எறங்கியிருக்குதுடி! வேப்பந்தழ கொண்டாங்க, மஞ்சத்தண்ணி கொண்டாங்க!"

தெரு முழுக்கத் திரண்டு அவனை வாசலுக்கு வெளியே அழைத்து வந்தது. வேப்பந்தழை வந்தது, மாலை வந்தது, யாரோ உடுக்கை கொண்டுவந்தார்கள். குப்புராசின் கழுத்தில் மாலையைப் போட்டு, நெற்றியில் திருநீற்றை அப்பி, காலில் விழுந்தார்கள். விழுந்தவர்கள் எழுந்து குறி கேட்டார்கள். பூசாரி மாரண்ணன் கைகட்டி நின்றார். இத்தனை வருசம் பூசை செய்தும் தன் மேல் ஒரு தடவையும் இறங்காத சாமி, ஒரு பனியன் கம்பெனித் தையல்காரன் மேல் இறங்கியிருப்பதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

"சாமி, என்ற மகளுக்கு எப்பச் சாமி கல்யாணம் கூடும்?" என்று சரசாள் கேட்டாள்.

"எறும்பு," என்றான் குப்புராசு. "எடுத்து உடுங்க. காதுக்குள்ள போகுது. எடுத்து உடுங்க."

"கேட்டீங்களா? எறும்பு வருதுன்னா அங்க சக்கரை இருக்குதுன்னு அர்த்தம். வர்ற தையில கூடிரும்!" என்று சரசாளே அதற்கு அர்த்தமும் சொன்னாள்.

"சரசக்கா, சாமிகிட்ட என்ற மொபெட்டு எப்பக் கெடைக்கும்னு கேளுங்க," என்று கூட்டத்திலிருந்து ஒருத்தன் குரல் கொடுத்தான்.

"ஏன்டா, மொபெட்டக் களவு குடுத்துட்டுச் சாமிய ஸ்டேசனுக்கு அனுப்பறயா? கம்முனு நில்லு. கௌசி, போய்ச் சாமிக்கு ஒரு சொம்பு தண்ணி மோந்துட்டு வா கண்ணு."

கௌசிகா உள்ளே போனாள்.

துளசிமணி கூட்டத்தில் நின்று கணவனின் கண்களைப் பார்த்தாள். சாமி வந்தவர்களை அவள் சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறாள். அந்தக் கண்கள் எதிரில் இருப்பவரைத் துளைத்துக்கொண்டு போகும், அவற்றில் கோபம் இருக்கும், சிரிப்பு இருக்கும். இந்தக் கண்களில் இருந்தது ஒன்றே ஒன்று. கிணற்றில் விழுந்த நாய்க்குட்டி மேலே பார்க்குமே, அது.

அப்போது கம்பத்தின் மேலே இருந்து லைன்மேன் ஈஸ்வரமூர்த்தி இறங்கிவந்தார். வீடு ஆடுகிற ஆட்டத்தில் வயர் அறுந்து யார் மேலாவது விழுந்துவிடும் என்று இணைப்பைக் கழற்ற ஏறியவர். மேலே இருந்ததால், வீட்டின் பின்னால் பாறைக்குழியின் விளிம்பு துண்டு துண்டாக உதிர்ந்து தண்ணீரில் விழுவது அவர் ஒருவருக்கு மட்டும் தெரிந்தது.

"அக்கா," என்றார் துளசிமணியிடம், மெதுவாக. "இது சாமியில்லீங். ஒரேயடியா நிறுத்திப்போட்டாருங்களா?"

"கயிறு கட்டின அன்னிக்கே நிறுத்திட்டாருங்க."

"அதானுங். நெதமும் குடிச்சுக் குடிச்சுப் பழகின ஒடம்பு. ஒரே நாள்ல நிறுத்துனா இப்படித்தான் கெடந்து துடிக்கும். இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். வலிப்பு வரும். உசுரே போனாலும் போயிருமுங்க்கா. பெரியாஸ்பத்திரியில இதுக்குன்னே ஒரு வார்டு இருக்குது. இப்பவே தூக்கோணும்."

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"என்ற ஊடும் நடந்ததுதானுங்," என்றார் அவர், யாரோ ஊர் பெயர் கேட்டதற்குச் சொல்வது போல. "இப்ப ஒருத்தரோட தென்னந்தோப்புக்கு நடுவால நிக்குது. தேங்கா உழுந்து மாசத்துக்கு ரெண்டு ஓடு ஒடையும். ஆனா நிக்குதுங்க்கா. நின்னுருச்சு."

சுற்றி நின்றவர்கள் கேட்டுவிட்டார்கள். முணுமுணுப்பு எழுந்தது. கயிறு கட்டினவனை எல்லை தாண்ட விடுவதா? சாமி மேலே இருக்கிறபோது ஆஸ்பத்திரியா? ஊருக்கே ஆகாது என்றார்கள். பிள்ளைகுட்டிக்காரர்கள் இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள். எல்லோரும் பூசாரியைப் பார்த்தார்கள்.

துளசிமணியும் அவரிடம்தான் போனாள். அவளுக்கும் கருப்பராயன் மேல் பயம் உண்டு.

"பூசாரிங்கண்ணா. ஒன்னே ஒன்னு கேக்கறேன். கருப்பராயனுக்கு எறும்பக் கண்டாப் பயமாங்க?"

மாரண்ணன் குப்புராசைத் திரும்பிப் பார்த்தார். அவன் தன் காதைப் பிய்த்துக்கொண்டிருந்தான். காதிலிருந்து ரத்தம் வந்து மாலையில் இறங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில் அவனுக்கு வலிப்பு வந்தது. மரம் சாய்வதைப் போலச் சாய்ந்தான். சாய்ந்து தரையில் வில்லாக விறைத்தான். அவன் விறைத்தபோது வீடும் விறைத்தது, அவன் உதறியபோது வீடும் உதறியது, ஓடுகள் கோழி சிலிர்ப்பதைப் போலச் சிலிர்த்தன. அந்த உதறலில் வீடு, அதுவரை தன் வாழ்நாளில் செய்யாத ஒன்றைச் செய்தது: துள்ளியது. பின்னால் ஏதோ பெரிதாக முறிகிற சத்தம். அதன் பிறகு சத்தமே இல்லை. அதற்கும் பிறகு, வெகு கீழேயிருந்து, தண்ணீர் அடிபடுகிற சத்தம்.

"கௌசி!"

துளசிமணி உள்ளே ஓடினாள். சமையற்கட்டின் பின்சுவர் இல்லை. அடுப்பு இல்லை, அம்மிக்கல் இல்லை, பாதித் தரை இல்லை. மீதித் தரையின் ஓரத்தில், நிலைக்கதவின் சட்டத்தை ஒரு கையாலும் தண்ணீர்ச் சொம்பை இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டு, சொம்பைக் கீழே போட்டால் திட்டு விழுமோ என்பது போல, கௌசிகா நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் திறந்த வானம். துளசிமணி அவளுடைய பின்னலைப் பிடித்து இழுத்தாள். எங்கே பிடித்தோம் என்பது இழுத்த பிறகுதான் தெரிந்தது.

வெளியே வந்ததும் மகளைச் சரசாளின் மேல் தள்ளிவிட்டு, இடுப்பில் செருகியிருந்த பிசிறு வெட்டும் சின்னக் கத்திரியை எடுத்தாள். குனிந்து, கணவனின் மணிக்கட்டில் கிடந்த மஞ்சள் கயிற்றை, நாள் முழுக்கப் பிசிறு வெட்டுகிறவளுக்கே உரிய ஒரே நறுக்கில் வெட்டினாள். தெரு மூச்சை இழுத்தது. யாரும் அவனைத் தொடவில்லை. ஈஸ்வரமூர்த்தி தலைமாட்டைப் பிடித்தார், துளசிமணி இடுப்பைப் பிடித்தாள். கால் தரையில் இழுபட்டது.

பூசாரி மாரண்ணன் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து கால்களைத் தூக்கினார். "எல்லை வரைக்கும் நானும் வாறேன்," என்றார் யாரையும் பார்க்காமல். "குதிர வந்துதுன்னா நான் பேசிக்கறேன்."

மூவருமாக அவனைத் தூக்கி ஏற்றிய கம்பெனி வேன் எல்லையில் ஒரு நிமிடம் நின்றது. பூசாரி இறங்கி, ரோட்டின் நடுவில், ஊரைப் பார்த்துக் கைகூப்பி நின்றார். வேன் போனது. பின்னால் எதுவும் வரவில்லை. ஆனாலும் துளசிமணி பெரியாஸ்பத்திரி வாசல் வரைக்கும் குளம்புச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டேதான் போனாள்.

வார்டில் ஊசி போட்டு, குளுக்கோஸ் பாட்டில் ஏற்றி, கட்டிலில் கிடத்திய பிறகு, அமலோற்பவம் என்கிற நர்ஸ் துளசிமணியிடம் வந்து உட்கார்ந்தார். எல்லாவற்றையும் கேட்டார், எதற்கும் ஆச்சரியப்படவில்லை.

"வீடு எந்தப் பக்கம் போகுது? கிணறா, ரோடா?"

"பாறைக்குழிங்க."

"ம். எட்டாம் கட்டில்காரருக்கு ரயில் தண்டவாளம்." நர்ஸ் குப்புராசின் நாடியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நல்ல வேளை கூட்டிட்டு வந்தீங்க. இது திமிர் இல்லம்மா, நோய். சத்தியம் வாங்கினா சக்கரை வியாதி குறையுமா? அது மாதிரிதான் இதுவும். உடம்பு குடிக்குப் பழகிப்போச்சு. திடீர்னு நிறுத்தக் கூடாது, டாக்டர் பாத்து, மருந்து குடுத்து, கொஞ்சம் கொஞ்சமாத்தான் இறக்கணும். அதுக்கப்புறம்தான் பெரிய வேலையே. பேசணும், வரச் சொல்ற நாளெல்லாம் வரணும், மத்தவங்களோட உக்காரணும்."

"நான் நெறையக் கல்லு முட்டுக் குடுத்தேனுங்க."

"எல்லாரும் குடுப்பாங்க. என் அம்மாவும் குடுத்தாங்க."

துளசிமணி நிமிர்ந்து பார்த்தாள். நர்ஸ் எழுந்து பாட்டிலில் இறங்குகிற சொட்டைச் சரிசெய்தார்.

"ஊடு பழைய எடத்துக்குத் திரும்பி வருமாங்க?"

"வராது," என்றார் நர்ஸ். "நின்னாப் போதும். அதுவும் ஒவ்வொரு நாளும் நிக்கணும்."

குப்புராசு தெளிந்து கண் திறந்தபோது, எறும்பு எங்கே போனது என்று முதலில் கேட்டான். அதன் பிறகு கௌசிகாவைக் கேட்டான். துளசிமணி நடந்ததைக் குறைக்காமல் சொன்னாள். வழக்கம்போல அவன் கை, சத்தியம் செய்ய ஒரு தலையைத் தேடி எழுந்தது. பாதியில் நின்று, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

அவர்கள் திரும்பிவந்தபோது வீடு, பின்சுவர் இல்லாமல், குழியின் விளிம்பில் கன்னத்தில் கைவைத்தவளைப் போல நின்றிருந்தது. உடைந்த இடத்தில் தகரம் அடித்தார்கள். வேறு வீடு பார்க்கலாம் என்றால், நகர்கிற வீட்டுக்காரனுக்கு யார் வாடகைக்குத் தருவார்கள்? நகராத வீட்டையும் தெரு பழகிக்கொண்டது. சரசாள் முருங்கையைச் சுற்றி வேலி போட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் குப்புராசு ஈஸ்வரமூர்த்தியோடு ஒரு பள்ளிக்கூட ஹாலுக்குப் போய், ஆற்றங்கரையிலும் தண்டவாளத்தருகிலும் நிற்கிற வீடுகளின் சொந்தக்காரர்களோடு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தான். கல்யாண வீடுகளில், "ஒரு வாய்தான் மாப்ளே, ஊடென்ன ஓடியா போயிரும்?" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். கௌசிகா இப்போதும் செருப்போடுதான் படுத்தாள். யாரும் அவளைக் கழற்றச் சொல்லவில்லை.

தீபாவளிக்குப் பிந்திய ஒரு பகலில், கௌசிகா தகரத்தடுப்புக்கு அந்தப் பக்கம் சின்னதாக ஒரு சத்தம் கேட்டாள். கூழாங்கல் ஒன்று தண்ணீரில் விழுகிற சத்தம். அவள் அம்மாவைப் பார்த்தாள். துளசிமணி கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, ஓடாமல், வேகமாக நடந்து தெருவுக்கு வந்தாள். வாசற்படிக்கும் காலையில் போட்ட கோலத்துக்கும் நடுவில், ஒரு விரல் அகலத்துக்கு, புதிய ஈர மண் தெரிந்தது.

தெரு அதற்குள் பார்த்துவிட்டது. சரசாள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். மாரண்ணன் சைக்கிளை நிறுத்தினார். அந்த ஈர மண்ணை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தபோது, தெருமுனையில் குப்புராசு வந்தான். தள்ளாடவில்லை. கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளியைப் போல நிதானமாக வந்து, ஈர மண்ணுக்கு முன்னால் நின்றான்.

துளசிமணியின் கண்கள் தாமாகவே, தூக்க முடிகிற கல் எங்கே என்று தேடின. அதை அவளே கவனித்து, கண்களைத் திருப்பிக்கொண்டாள்.

சரசாளுக்கு அவன் நிற்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. "மழ ஈரமப்பா," என்றாள், உண்மையான பரிவோடு. "மண்ணு எளகியிருக்கும். உட்று குப்புராசு."

"மழ போன வாரங்க்கா," என்றான் குப்புராசு. "மண்ணு நல்ல மண்ணு."

அவன் மனைவியைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தான். பிறகு, கம்பெனியில் மிஷின் சத்தத்துக்கு மேலாகப் பேசிப் பழகிய குரலில், தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னான்:

"நான் குடிச்சேன். இப்பத்தான், கடையில நின்னு, குடிச்சேன். ஊடு நகுந்திருச்சு."

அந்தச் சொல் அந்தத் தெருவில் அதற்கு முன் விழுந்ததில்லை. சரசாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். யார் வீட்டிலோ ஒரு காலண்டர் ஆணியிலிருந்து நழுவி விழுந்தது.

"துளசி, என்னைய அந்த ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போ," என்றான் அவன். "இப்பவே. எனக்குப் பயமா இருக்குது."

"எனக்குந்தான்," என்றாள் துளசிமணி.

அவள் வீட்டுக்குள் போகவில்லை, பூட்டவில்லை, பையும் எடுக்கவில்லை. மூன்று பேரும் டவுன் பஸ்ஸில் ஏறி, பின்சீட்டில் உட்கார்ந்து, திரும்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். பாறைக்குழியின் விளிம்பில் வீடு நின்றுகொண்டிருந்தது. அது அங்கேயே நிற்கும் என்று மூவரில் ஒருவரும் நம்பவில்லை. ஆகையால் பஸ் வளைவில் திரும்பும் வரைக்கும் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே போனார்கள்.